கருத்தடை மாத்திரைக்கான மருந்துச் சீட்டு ஒருவழியாகக் கிடைத்தது

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரைக்காக முதலில் சென்ற மருத்துவமனையில், உள்பரிசோதனை, பாப் ஸ்மியர் (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை), நீளமான இரத்தப் பரிசோதனைப் பட்டியல் எல்லாம் முடிந்தால்தான் சீட்டு எழுதித் தருவோம் என்றார்கள். முடித்துக்கொண்டு போனபோது, மாதவிலக்கு வந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இத்தனை அலைச்சலுக்கு நடுவே என் இரத்த அழுத்தத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றும் ஆறவில்லை.

அடுத்துப் பார்த்த மருத்துவர் எடுத்த எடுப்பில் செய்ததே அதுதான். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். புகைப்பழக்கம் (35 வயதுக்கு மேல் புகைப்பவர்களுக்கு இது ஏற்றதன்று), காலிலோ நுரையீரலிலோ இரத்த உறைவு, மார்பகப் புற்றுநோய், அண்மைப் பிரசவம், வலிப்புக்கோ காசநோய்க்கோ உட்கொள்ளும் மருந்துகள் என வரிசையாகக் கேட்டார். ஒற்றைத் தலைவலி உண்டு என்று நான் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, வலிக்கு முன் கண்ணில் நெளிநெளியான ஒளிக்கோடுகள் தோன்றுமா, கை மரத்துப்போகுமா என்று துருவினார். அத்தகைய முன்னறிகுறி இருந்தால் பக்கவாத ஆபத்து கூடும் என்பதால், புரோஜெஸ்டின் மட்டுமுள்ள மாத்திரை போன்ற வேறு வழிக்குத்தான் போக வேண்டும். நல்லவேளையாக எனக்கு அது இல்லை. இனி தோன்றினால் உடனே சொல்ல வேண்டும் என்றார். நான் சுமந்து சென்ற இரத்த அறிக்கைகளை அவர் பிரிக்கவே இல்லை.

காத்திருக்கவும் தேவைப்படவில்லை. கர்ப்பமில்லை என்று போதிய அளவு உறுதியானால் எந்த நாளிலும் தொடங்கலாம். மாதவிலக்கின் முதல் 5 நாள்களைத் தாண்டித் தொடங்கினால் மட்டும் 7 நாள்களுக்கு ஆணுறையும் வேண்டும்.

மறந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளின் பொடி எழுத்து பதற்றத்தில் படிப்பதற்கானதன்று. ஒன்றை மறந்தால், ஒரே நாளில் இரண்டு விழுங்க நேர்ந்தாலும் நினைவு வந்தவுடன் போட வேண்டும். தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ தவறினால் கடைசியாக விட்டதை மட்டும் போட்டுக்கொண்டு, 7 நாள்களுக்கு ஆணுறையைச் சேர்க்க வேண்டும். அது ஹார்மோன் மாத்திரைகளின் இறுதி வாரமாக இருந்தால், ஹார்மோன் இல்லாத வெற்று மாத்திரைகளை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டையைத் தொடங்க வேண்டும். முதல் மூன்று மாதங்களில் இடையிடையே சிறிது இரத்தம் படுவதற்காக நிறுத்திவிட வேண்டாம். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

ஒரு மாதத்துக்கு மட்டும் எழுதத் தொடங்கியவரிடம் கேட்டு, ஓர் ஆண்டுக்கான சீட்டாகவே வாங்கிக்கொண்டேன்.