பல்வலியை ஆட்டிசம் என்றார்கள்

மகனுக்கு 18 வயது முடிந்த மறுமாதம், தன் வலது கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தொடங்கினான். சாப்பாட்டை ஒதுக்கினான், இரவெல்லாம் விழித்திருந்தான். அவனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத்தான் வேண்டியதைச் சொல்வான். 'வலி' என்ற படத்தை அவன் தொட்டதே கிடையாது. உடம்புக்குள் நடப்பதை இன்னதென்று பிரித்து உணர்வது ஆட்டிசம் உள்ள பலருக்கும் கடினம்.

இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவந்த குழந்தை நலப் பிரிவுக்குத்தான் முதலில் ஓடினேன். "வயது முடிந்துவிட்டது, பெரியவர்கள் பிரிவுக்குப் போங்கள்" என்று கவுண்டரிலேயே திருப்பிவிட்டார்கள். அவனுடைய மருத்துவக் குறிப்புகள் இருக்கும் கோப்பையாவது கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுங்கள், அனுப்புகிறோம் என்றார்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுவதற்கான திட்டத்தை 13, 14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. எனக்கு அப்படி ஒன்று தேவை என்பதே அந்தக் கவுண்டரில் நின்றபோதுதான் தெரிந்தது.

பெரியவர்கள் பிரிவில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். ஒலிபெருக்கியில் டோக்கன் எண் கூப்பிடும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு துடித்தான். உள்ளே போனபோது தரையில் சுருண்டுவிட்டான். மருத்துவர் அவனைத் தொடவே இல்லை. "ஆட்டிசம் என்றால் இந்த வயதில் இப்படித்தான் இருக்கும், ரிஸ்பெரிடோன் அளவைக் கூட்டுகிறேன்" என்றார். ஆவேசத்தைக் குறைக்க அவன் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மருந்து அது. 15 வயதில் அதைக் கூட்டியபோது எடை கிடுகிடுவென்று ஏறி, திரும்பக் குறைக்க வேண்டியிருந்தது என்று சொன்னேன். "காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டார். காகிதம் கோப்பில் இருந்தது. கோப்பு என்னிடம் இல்லை. இன்னொரு மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் கூட்டுவேன் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

அடுத்த மருத்துவமனைக்கு வெறுங்கையோடு போகவில்லை. ஒரே பக்கத்தில் எழுதினேன்: எப்படிப் பேசுவான், எந்தச் சத்தம் ஆகாது, தொடுமுன் என்ன சொல்ல வேண்டும், எந்த மருந்து என்ன செய்தது. முதல் வரியில், "இந்த மாற்றம் மூன்று வாரமாகத்தான். வாய், காது, வயிறு மூன்றையும் பார்த்துவிட்டு நடத்தையைப் பற்றிப் பேசுங்கள்" என்று தடித்த எழுத்தில் போட்டேன். கன்னத்தில் அறைவதை நேரத்தோடு செல்பேசியில் படம் பிடித்து வைத்தேன். முன்கூட்டியே போன் செய்து, நாளின் முதல் டோக்கனும், எங்கள் முறை வரும்வரை வெளியே நிற்க அனுமதியும் கேட்டேன். கேட்டதும் கொடுத்தார்கள்! கேட்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

அந்த மருத்துவர் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "தம்பி, வாயைப் பார்க்கட்டுமா?" என்று அவனிடமே கேட்டு, டார்ச்சை அவன் கையில் கொடுத்தார். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தார். திறந்தான். கீழ் வலது ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தது. எக்ஸ்ரேயில் ஞானப்பல் குறுக்கே கிடந்தது.

பல் எடுக்குமுன் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று கவனியுங்கள்: தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைக் கேளுங்கள். ஊசிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். ஊசியோடு வந்து நிற்கும்போது கேட்டால் நேரமில்லை என்பார்கள். மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுத்தது சிக்கலில்லாமல் முடிந்தது.

ஐந்தாம் நாள் அவன் கை கன்னத்துக்குப் போகவில்லை. டேப்லெட்டில் 'வலி' படத்தை இப்போது தினமும் பழக்குகிறோம். போன வாரம் முழங்கால் சிராய்ப்பைக் காட்டி அதைத் தொட்டான்.

கோப்பு அதற்கும் பிறகு வந்து சேர்ந்தது. 16 வயதில் கீழே விழுந்தபோது எடுத்த தாடை எக்ஸ்ரேயின் அறிக்கை அதில் இருந்தது. கடைசி வரி: கீழ் வலது ஞானப்பல் சாய்ந்து வளர்கிறது, கவனிக்கவும்.