38 மில்லிகிராம்

பிப்ரவரி 11
உருக்கியாகிவிட்டது. நூறு அணுவுக்கு 75 வெள்ளி, 25 தங்கம். பார்க்க வெறும் வெள்ளி மாதிரிதான் இருக்கிறது. அறுத்து மூன்று துண்டு, ஒவ்வொன்றும் 100 மில்லிகிராம்.

பிப்ரவரி 12
முதல் துண்டு நைட்ரிக் அமிலத்தில். வெள்ளி மட்டும் கரைய வேண்டும், துண்டு உடையக் கூடாது. அண்ணன் போன் செய்தான், அப்பாவின் ரிசல்ட் 16ஆம் தேதிதானாம்.

பிப்ரவரி 14
விரிசல். இடுக்கியால் தொட்டதும் இரண்டாகிவிட்டது. எடை 38 மில்லிகிராம், அது சரி, வெள்ளி மொத்தமும் கரைந்து தங்கம் மட்டும் மிஞ்சினால் அவ்வளவுதான் வர வேண்டும். நிறமும் சரி, கடுங்காப்பி நிறம். தங்கம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிப்ரவரி 15
தூக்கம் வரவில்லை. வெள்ளி அணு கரைந்து போனதும் பக்கத்துத் தங்க அணு தனியாக நிற்பதில்லை, மேற்பரப்பிலேயே நகர்ந்து போய் மற்ற தங்க அணுக்களோடு ஒட்டிக்கொள்கிறது, அந்தத் திட்டுகளுக்கு நடுவே அமிலம் மேலும் உள்ளே இறங்குகிறது, கடைசியில் சில நானோமீட்டர் தடிமனில் நூல்நூலாக ஒரு வலை. 2001இல் ஆய்வாளர் எர்லபாக்கரின் குழு கணினியில் இதைச் செய்து காட்டியது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. முக்கால்வாசி அணுக்கள் போயும் துண்டு தன் உருவத்தோடு நிற்கிறது, ஆனால் கொஞ்சம் சுருங்குகிறது, அந்த இழுப்பில், உலோகத்துக்குள் ஒட்டி நிற்கும் சின்னச் சின்னப் படிகமணிகளின் எல்லையில் பிளக்கிறது. அப்படியென்றால் அமிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு முன்னாலேயே சரிசெய்ய வேண்டும்.

பிப்ரவரி 16
ரிசல்ட் வரவில்லை. அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டாராம்.

பிப்ரவரி 17
மீதி இரண்டு துண்டும் உலையில், 900 டிகிரி. மூன்று நாள். சூட்டில் படிகமணிகள் பெரிதானால் எல்லைகள் குறையும்.

பிப்ரவரி 19
ஒன்றுமில்லை.

பிப்ரவரி 21
இரண்டாவது துண்டு அமிலத்தில். குமிழ்கள் ஊசிமுனை அளவு, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மூலையிலிருந்து கிளம்புகின்றன. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணன் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 23
உடையவில்லை! ஆறு முறை தண்ணீரில் கழுவினேன், உடையவில்லை. 38. அம்மாவிடம் சொன்னேன், புரியாவிட்டாலும் சந்தோஷப்பட்டாள்.

பிப்ரவரி 24
எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாயிற்று. நூல்கள் சுமார் 20 நானோமீட்டர், ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழை விரிசல். மூன்றாவதை மாலையில் போட்டேன். குமிழ் நின்றதும் எடுத்துவிட வேண்டும், அமிலத்திலேயே கிடந்தால் நூல்கள் தடித்துப்போகும்.

பிப்ரவரி 25
அண்ணன் உடனே வரச் சொல்கிறான். ஏன் என்று சொல்லவில்லை. 10.40 பஸ். மூன்றாவது துண்டு இன்னும் அமிலத்தில்தான் இருக்கிறது, யாரிடம் சொல்லிவிட்டுப் போவது