என் முதல் பேப்பரை ஆர்க்கைவ்ல போட்டப்ப

பேப்பர் எழுதினா ஜர்னலுக்கு அனுப்பிட்டு மாசக்கணக்குல காத்திருக்கணும்னு தான் நினைச்சிட்டிருந்தேன், எங்க சீனியர் அக்கா தான் முதல்ல ஆர்க்கைவ்ல போடு, அப்புறம் அனுப்புன்னாங்க. ஜர்னல்ல வர்றதுக்கு முன்னாடியே பேப்பரைப் போட்டு யார் வேணா இலவசமா படிக்கற இணையதளம் அது (arXiv), 1991ல பால் கின்ஸ்பார்க் இயற்பியல் ஆளுங்களுக்காக ஆரம்பிச்சது, இப்ப கணிதத்துல நாங்க எதையும் முதல்ல தேடறதே அங்க தான். பெரல்மான்ங்கற ரஷ்யக் கணிதக்காரர், ரொம்ப காலமா யாராலயும் நிரூபிக்க முடியாம இருந்த பாயின்கரே யூகத்தோட நிரூபணத்தை 2002-03ல அங்க போட்டதோட சரி, எந்த ஜர்னலுக்கும் அனுப்பல.

புதுசா போடறவங்களுக்கு எண்டார்ஸ்மென்ட் கேக்கும், அதாவது அதே துறையில ஏற்கனவே போட்டிருக்கற ஒருத்தர் இவங்க போடலாம்னு சொல்லணும். அதுக்காக எனக்கு வந்த குறியீட்டை அக்காவுக்கு அனுப்பினேன், அன்னிக்கே முடிஞ்சிது.

நேரம் போனது ஃபைல்ல தான். கணிதம் டைப் பண்ற லேடெக்ல எழுதினா வெறும் பிடிஎஃப் வாங்காது, நாம டைப் பண்ண மூல ஃபைலை, அதாவது சோர்ஸையே கொடுக்கணும், அந்த சோர்ஸை யார் வேணா டவுன்லோட் பண்ணலாம். என் ஃபைல்ல சதவீதக் குறி போட்டு பிடிஎஃப்ல தெரியாம மறைச்சு வச்ச குறிப்புங்க ஏகப்பட்டது, "இந்த லெம்மா சரியா? திரும்பப் பாரு"ன்னு கூட ஒண்ணு இருந்துச்சு (லெம்மான்னா பெரிய தேற்றத்துக்குத் துணையா வர்ற சின்னத் தேற்றம்). உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்தேன். நீங்களும் தயவுசெஞ்சு எடுத்துடுங்க. பேப்பரை மத்தவங்க எப்படிப் பயன்படுத்தலாம்னு சொல்ற லைசென்ஸையும் அவசரத்துல டிக் பண்ணாதீங்க, அப்புறம் திரும்ப வாங்க முடியாது, அனுப்பப்போற ஜர்னலோட விதியைப் படிச்சிட்டு பண்ணுங்க.

போட்டு ஒன்பதாவது நாள் முன்னபின்ன தெரியாத ஒருத்தர் மெயில், 14வது சமன்பாட்டுல மைனஸ் வரணுமேன்னு. பாத்தா அவர் சொன்னது சரி. கை நடுங்கிச்சு, ஆனா தேற்றத்துக்கு ஒண்ணும் ஆகல, திருத்தி ரெண்டாவது வெர்ஷன் போட்டேன், பழையதும் அங்கயே தான் இருக்கும், அழிக்க முடியாது, அது தான் நியாயமும் கூட.

ஜர்னல்ல இருந்து ரெஃப்ரீ, அதாவது பேப்பரைப் படிச்சு சரிபார்க்கற நிபுணரோட ரிப்போர்ட் வர ஏழு மாசம். ரிவ்யூ வேணாம்னு சொல்லமாட்டேன், ரெண்டாவது ரெஃப்ரீ கேட்டதால தான் மூணாவது பகுதி பாதியா சுருங்கி தெளிவாச்சு. ஆனா அது முடியறவரைக்கும் படிக்கறவங்க ஏன் காத்திருக்கணும்? சந்தா கட்ட முடியாத காலேஜ்ல இருக்கறவங்களுக்கு முடிஞ்ச பிறகும் கதவு மூடித்தானே இருக்கு!

காப்பிரைட் ஃபார்ம்ல அவங்க டைப்செட் பண்ண பிடிஎஃப்பை வெளியில போடக்கூடாது, ரிவ்யூ முடிஞ்சு அவங்க ஏத்துக்கிட்ட என் சொந்த ஃபைலைப் போடலாம்னு இருந்துச்சு. அதைத் தான் மூணாவது வெர்ஷனா போட்டு, ஜர்னல்ல வந்த பேப்பரோட நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ சேர்த்தேன், நன்றிப் பகுதியில அந்த மைனஸ் சொன்னவரோட பேரையும்.