அண்ணன் மகள் பி.ஆர். படிக்கப் போகிறாள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, பி.ஆர். படிச்சா கடைசியில என்ன வேலை பார்ப்பேன்? அப்பா கேக்குறாரு, எனக்குச் சொல்லத் தெரியல." பி.ஆர். என்றால் பப்ளிக் ரிலேஷன்ஸ், மக்கள் தொடர்பு. அந்த வேலை பார்க்கிறவர் பி.ஆர்.ஓ.

அண்ணனுக்கு விருதுநகரில் ஹார்டுவேர் கடை. அவருக்குத் தெரிந்த பி.ஆர்.ஓ.க்கள் இரண்டே வகை. சினிமா டைட்டிலில் 'மக்கள் தொடர்பு' என்று பெயர் வருகிறவர் ஒருவர். ஆஸ்பத்திரி கவுன்ட்டர் பக்கத்தில் இன்சூரன்ஸ் பேப்பரோடு நிற்கிறவர் இன்னொருவர். இதற்கு எதற்குக் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும் என்பது அவர் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். இந்தத் துறையில் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் யாராவது ஒரு பிள்ளையோ பெற்றோரோ இதையே கேட்கிறார்கள். அதனால் அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் சினிமா பி.ஆர்.ஓ. பற்றி. அந்த வேலையை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று சொல்லப்படுபவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்கு அந்தப் பொறுப்பை ஏற்றார். படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். எந்தப் படம் எந்த வருஷம், யார் தயாரிப்பு, யார் இசை என்று சந்தேகம் வந்தால் பத்திரிகைக்காரர்கள் அவரிடம்தான் போவார்கள். 'என் படத்தைப் பற்றி எழுதுங்கள்' என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்கத் தேவை இருக்கவில்லை. எழுதுகிறவர்களுக்கு வேண்டியது அவரிடம் இருந்தது. எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் அவர் செய்துகாட்டிய இதைத்தான் இன்று வகுப்பில் ஊடக உறவு என்று ஒரு தாளாக வைத்திருக்கிறார்கள்.

சரி, எங்கே படிப்பது? பி.ஆர். என்று தனிப்பெயரில் பட்டம் நம் பக்கம் குறைவு. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் எம்.ஏ. மக்கள் தொடர்பு இருக்கிறது. டெல்லியில் 1965-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம், ஐ.ஐ.எம்.சி., விளம்பரத்தையும் மக்கள் தொடர்பையும் சேர்த்து ஒரு முதுநிலைப் படிப்பு நடத்திவருகிறது. மற்றபடி பெரும்பாலும் இதழியல், விஸ்காம், மாஸ் கம்யூனிகேஷன் படிப்புகளுக்குள் ஒன்றிரண்டு தாளாகத்தான் வரும். நானும் அப்படித்தான் படித்தேன். இளநிலையில் எந்தப் பட்டமாக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம். பொருளாதாரமோ உயிரியலோ படித்துவிட்டு முதுநிலையில் இங்கே வருகிற பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றியோ வங்கியைப் பற்றியோ எழுத, அங்கே நடப்பது புரிகிற ஆள் வேண்டுமே.

வகுப்பில் வரலாறு அமெரிக்காவிலிருந்து தொடங்கும். 1906-ல் அட்லான்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்தது. ரயில் கம்பெனிக்காக வேலை பார்த்த ஐவி லீ, விவரத்தை மறைக்காமல் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். முதல் பிரஸ் ரிலீஸ் என்று அதைத்தான் சொல்வார்கள். அப்புறம் எட்வர்ட் பெர்னேஸ். 1923-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடத்தை நடத்தியவர். 1929-ல் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவைத்து, அதை விடுதலையின் அடையாளமாகக் காட்டியவரும் அவரே. பின்னால் இருந்தது ஒரு சிகரெட் கம்பெனி. இந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்த நாளில் படிப்பது நல்லது. இந்தத் தொழில் எந்தெந்தப் பக்கம் போகக்கூடும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு அமெரிக்கப் பேராசிரியர்கள் க்ரூனிக், ஹன்ட் இருவரும் 1984-ல் வகுத்த மக்கள் தொடர்பின் நான்கு மாதிரிகள் வரும். எப்படியாவது பேர் வாங்குவது ஒன்று. உண்மைத் தகவலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது இரண்டாவது. மக்களின் மனதை ஆராய்ந்து, நாம் நினைத்த பக்கம் அவர்களைத் திருப்புவது மூன்றாவது. நான்காவதில் இரண்டு பக்கமும் பேசும், இரண்டு பக்கமும் கேட்கும், தேவைப்பட்டால் நிறுவனமே தன்னை மாற்றிக்கொள்ளும். தேர்வுக்கு எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டுப் போகிற கேள்வி இது. என்னைக் கேட்டால் படிப்பு முழுக்க இந்த நான்காவதில்தான் இருக்கிறது.

நான் சேர்ந்த முதல் வேலை நுங்கம்பாக்கத்தில் ஒரு ஏஜென்சி. காலையில் ஏழரைக்கு முன்னால் ஆபீஸ். மேஜை நிறைய பேப்பர். கிளையன்ட் பெயர் வந்த இடத்தையெல்லாம் வெட்டி ஒட்டி, ஸ்கேல் வைத்து நீள அகலம் அளந்து, அந்தப் பத்திரிகையின் விளம்பர ரேட்டால் பெருக்கி, 'இந்த மாதம் இத்தனை லட்சத்துக்குக் கவரேஜ் வாங்கிக் கொடுத்தோம்' என்று ரிப்போர்ட் போட வேண்டும். இந்த விளம்பர மதிப்புக் கணக்கைச் சுருக்கமாக ஏ.வி.இ. என்பார்கள். செய்தியை எத்தனை பேர் படித்தார்கள், படித்தவர்கள் நம்பினார்களா, ஏதாவது மாறியதா என்று அந்தக் கணக்கில் எங்கும் இருக்காது. 2010-ல் பார்சிலோனாவில் கூடிய துறைக்காரர்களே, விளம்பர ரேட்டால் பெருக்குவது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கைப் போடச் சொல்லிக் கேட்கிற கிளையன்ட் இன்னும் இருக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் அந்த எண்ணைத்தான் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

ஏஜென்சி கற்றுக்கொடுக்கிற நல்ல விஷயங்களும் உண்டு. ரிப்போர்ட்டரின் நாள் எப்படிப் போகிறது என்று தெரியும். சாயங்காலம் பக்கம் முடிக்கிற நேரத்தில் போன் செய்யக் கூடாது. சேப்பாக்கத்தில் பிரஸ் மீட் பதினோரு மணிக்கு என்றால் பதினோரு மணிக்குப் பேச ஆள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். சுகாதாரச் செய்திகள் பார்க்கிறவருக்குக் கார் அறிமுக விழா அழைப்பு அனுப்பினால் அடுத்த முறை நம் மெயிலைத் திறக்க மாட்டார். மூன்று கிளையன்ட், மூன்று துறை. வாரக் கணக்கில் புதிதாகப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, ஓட்டம் அதிகம். ஐ.டி.யில் சேர்ந்த தோழிகளோடு ஒப்பிட்டால் முதல் சில வருஷம் மனது கஷ்டப்படும். அண்ணனிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

நெருக்கடி காலப் பாடத்துக்கு இரண்டு உதாரணம் எல்லா வகுப்பிலும் வரும். 1982-ல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரண கேப்ஸ்யூல்களில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. பிறகு பிரித்தால் தெரிகிற மாதிரி சீல் வைத்த பாட்டிலில் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்னொன்று நம் வீடுகளிலேயே நடந்தது. 2015-ல் மேகி. ஈயம் அதிகம் இருக்கிறது என்று செய்தி பரவி, மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடை போட்டன. தமிழ்நாட்டிலும் ஜூன் மாதம் தடை வந்தது. ஜூன் 5-ம் தேதி உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க நிறுத்தச் சொன்னது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நவம்பரில் மேகி திரும்பக் கடைக்கு வந்தது.

மேகி செய்தி முதலில் பரவிய மே மாதம் எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வீட்டில் இருக்கிற பாக்கெட்டை என்ன செய்வது? கம்பெனியிலிருந்து வந்த பதிலோ ஆய்வக முடிவு, அனுமதிக்கப்பட்ட அளவு என்று போனது. சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கம்பெனியின் உலகத் தலைமை அதிகாரி டெல்லிக்கு வந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது நாடு பூராவும் கடைக்காரர்கள் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள். நான் வகுப்பெடுக்கப் போகும்போது மாணவர்களிடம் இதைத்தான் கேட்பேன்: அந்த மே மாதம் கம்பெனிக்குள் உட்கார்ந்திருந்தால், தெருவில் கேட்ட கேள்வியை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருப்பாய்?

ஏஜென்சியை விட்டு ஒரு தனியார் மருத்துவமனையின் கம்யூனிகேஷன் பிரிவுக்குப் போனேன். 2020 கோவிட் நேரம். வார்டுக்குள் சொந்தக்காரர்களை விட முடியாது. அரசு தினமும் சாயங்காலம் மாவட்ட வாரியாக எண்ணிக்கை வெளியிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் நிர்வாகமும் ஒரு வீடியோ எடுக்கச் சொன்னது: எத்தனை படுக்கை, எத்தனை வென்டிலேட்டர், எவ்வளவு நவீன வசதி. கேட்டில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் பக்கத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். வெளியே நின்றவர்கள் அவரிடம் கேட்டதையெல்லாம் நோட்டில் எழுதினேன். "அவரு சாப்பிட்டாரா?" "போன்ல சார்ஜ் இருக்கா, எடுக்கவே மாட்டேங்கிறாரு." "இதுவரைக்கும் பில் எவ்வளவு ஆச்சு?" "கண்ணாடி மறந்துட்டுப் போயிட்டாரு, உள்ள குடுப்பீங்களா?" வென்டிலேட்டர் எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நோட்டைக் கூட்டத்தில் வாசித்தேன். வீடியோ நின்றது. ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் தினம் சாயங்காலம் ஒரு போன் போக வேண்டும், சாப்பாடு, காய்ச்சல், ஆக்சிஜன், பில் நான்கையும் சொல்ல வேண்டும் என்று முடிவானது. கேட்டில் ஒரு மேஜை போட்டு, கண்ணாடி, சார்ஜர், துணி வாங்கி உள்ளே அனுப்ப ஆள் வைத்தார்கள். போன் செய்ய முதலில் எங்கள் பிரிவுதான் உட்கார்ந்தது. இந்த ஏற்பாடு எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ஸ்கேல் வைத்து அளக்க எதுவும் இல்லை. நான் செய்ததிலேயே மிக நல்ல மக்கள் தொடர்பு வேலை அது என்று உறுதியாகச் சொல்வேன். க்ரூனிக் சொன்ன நான்காவது மாதிரி அன்றைக்கு என் முன்னால் நடந்தது.

வேலைகளைப் பற்றி அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். ஏஜென்சி, கம்பெனிக்குள் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் இரண்டும் தெரிந்ததே. ஓ.எம்.ஆரில் இருக்கிற ஐ.டி. கம்பெனிகளில் ஊழியர்களுக்கான உள் தொடர்புப் பிரிவு நிறையப் பேரை எடுக்கிறது. பங்குச் சந்தைக்குப் போகிற கம்பெனிகளுக்கு முதலீட்டாளர் தொடர்பு என்று தனிப்பிரிவு உண்டு. கணக்கு படித்தவர்களுக்கு அது நல்ல இடம். ரயில்வே, பொதுத்துறை நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், தேர்தல் பிரசார வேலை எல்லாம் இருக்கின்றன. யு.பி.எஸ்.சி. எழுதுகிறவர்களுக்கு இந்தியத் தகவல் பணி. பாடம் நடத்தப் பிடித்தால் நெட் தேர்வில் இதழியல் தாள்.

மாநில அரசில் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. கலெக்டர் ஆபீஸில் மக்கள் தொடர்பு அலுவலரைப் பார்த்திருப்பீர்கள். 'செ.வெ.எண்' போட்டு தினமும் வருகிற செய்தி வெளியீடு, பத்திரிகையாளர்களுக்கு அங்கீகார அட்டை, மாவட்டங்களில் அரசுப் பொருட்காட்சி, 'தமிழரசு' இதழ், நினைவகங்களின் பராமரிப்பு வரை அந்தத் துறைதான். இந்தப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தைப் பாருங்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிதண்ணீர் என்று மனுவோடு வருகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் அவர்களுக்குப் பதில் புரியாமல் போகிறது என்று கவனியுங்கள். ஒரு செமஸ்டர் பாடம் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

அண்ணன் கடைசியாகக் கேட்டது, "பொய் சொல்ற வேலையாம்மா இது?" சொல்லச் சொல்கிற இடங்கள் உண்டு. பிரஸ் மீட்டில் கவரில் பணம் வைத்துக் கொடுக்கிற பழக்கமும், காசு கொடுத்து வாங்கியதைச் செய்தி மாதிரி போடவைப்பதும் இன்னும் ஒழியவில்லை. காசு வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் ஒரு பொருளைப் புகழ்கிறவர்கள் அது விளம்பரம் என்று போட வேண்டும் என 2021-ல் விளம்பரத் தர மன்றம் விதி கொண்டுவந்தது. அதையும் மறைக்கச் சொல்லிக் கேட்பார்கள். இதில் எதையும் செய்யாமல் நான் பிழைத்திருக்கிறேன், இன்னும் பலரும் பிழைத்திருக்கிறார்கள். சில கிளையன்ட் போய்விடுவார்கள். ரிப்போர்ட்டர்கள் மட்டும் போக மாட்டார்கள்; நாம் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் இரவு பத்து மணிக்கும் போனை எடுப்பார்கள்.

அவள் இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இரண்டிலும் கேட்டு வரச் சொல்லியிருப்பது: இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், அதை யார் பிடித்துக் கொடுக்கிறார்கள், பாடம் நடத்துகிறவர்களில் செய்தி அறையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்களா, தமிழில் எழுதப் பயிற்சி உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் கவலை இல்லை, அதை நான் வாரம் ஒருமுறை போனில் பார்த்துக்கொள்கிறேன்.