படத்திற்கும் வரிக்கும் நடுவே

1941ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க்கர் வார இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கார்ட்டூன் ஒன்றில் ஒரு விமானம் தரையில் மோதி நொறுங்கிக் கிடக்கிறது. மீட்புப் பணியாளர்கள் பதறியடித்து அதை நோக்கி ஓடுகிறார்கள்; தொலைவில் ஒரு பாராசூட் இறங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை களேபரத்துக்கும் நடுவே, சுருட்டிய வரைபடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவர் மட்டும் நிதானமாக எதிர்த்திசையில் நடந்து போகிறார். "சரி, மறுபடியும் வரைபலகைக்கே போக வேண்டியதுதான்" என்று படத்தின் கீழே ஒரு வரி. படத்தை மட்டும் பார்த்தால் அது ஒரு விபத்து. வரியை மட்டும் படித்தால் எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய சாதாரணப் பேச்சு. அவர்தான் அந்த விமானத்தை வடிவமைத்தவர் என்பதையும், நொறுங்கிய விமானம் அவருக்கு ஒரு திருத்தவேண்டிய கணக்காக மட்டுமே தெரிகிறது என்பதையும் யாரும் நமக்குச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து நாமே கண்டுகொள்கிறோம். கண்டுகொண்ட கணத்தில் சிரிக்கிறோம்.

ஜெர்ரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972இல் இதை இரண்டு கட்டங்களாக விளக்கினார். முதலில், எதிர்பார்த்ததற்குப் பொருந்தாத ஒன்று எதிர்ப்படுகிறது. அடுத்து, அந்தப் பொருந்தாமையைப் பொருந்தவைக்கும் விதி ஒன்றை மனம் தேடிப் பிடிக்கிறது. விதி கிடைத்துவிட்டால் சிரிப்பு, கிடைக்காவிட்டால் குழப்பம். ஆகவே, ஒரு கார்ட்டூன் புரியவில்லை என்று சொல்லும் வாசகர் நகைச்சுவை உணர்வு இல்லாதவர் அல்லர் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் முதல் கட்டத்தைச் சரியாகவே கடந்துவிட்டார். இரண்டாம் கட்டத்துக்குத் தேவையான ஏதோ ஒன்று அவர் கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

தமிழ் வார இதழ்களின் ஜோக்குகளில் வளர்ந்த நமக்கு இந்தத் தேடல் அவ்வளவாகப் பழக்கமில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் படம் இல்லாமலே ஒருவர் மற்றவருக்குச் சொல்லிவிட முடியும். இருவர் பேசிக்கொள்வார்கள், இரண்டாமவரின் பதிலில் சிரிப்பு முழுவதும் இருக்கும், படம் பேசுபவர்களைக் காட்டுவதோடு நின்றுவிடும். (கோபுலுவின் வசனமில்லாத படங்கள் இதற்கு மகத்தான விதிவிலக்கு.) ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் பஞ்ச் இதழும் இப்படித்தான் இருந்தது. 1895இல் அதில் வந்த புகழ்பெற்ற படத்தில், விருந்தளிக்கும் பிஷப் "உங்களுக்குக் கெட்டுப்போன முட்டை வந்துவிட்டது போலிருக்கிறதே" என்கிறார். பணிவு மிகுந்த இளம் பாதிரியார் "இல்லை ஐயா, இதன் சில பகுதிகள் மிக அருமையாக இருக்கின்றன" என்று பதில் சொல்கிறார். இங்கே உரையாடலே போதும். 1925இல் ஹெரால்டு ராஸ் தொடங்கிய நியூயார்க்கர், உரையாடலைப் பெரும்பாலும் ஒருவர் சொல்லும் ஒரே வரியாகச் சுருக்கி, மீதிச் சுமையைப் படத்தின் மேல் ஏற்றியது. சுமை மாறியதும் வாசகரின் வேலையும் கூடியது. ராஸுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. படங்களைத் தேர்வுசெய்யும் கூட்டங்களில், "பேசுவது யார்?" என்ற கேள்வியை அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார். படத்தில் ஒருவருடைய வாய் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த வரியை யார் வாயில் பொருத்துவது என்று வாசகர் தடுமாறினால் மற்ற எல்லாமே வீணாகிவிடும்.

வாசகரிடம் இல்லாமல் போகும் அந்த ஏதோ ஒன்று பல நேரங்களில் வெறும் தகவல்தான். 1928இல் கார்ல் ரோஸ் வரைந்து ஈ. பி. ஒயிட் வரி எழுதிய படத்தில், "இது ப்ரோக்கோலி, கண்ணே" என்று தாய் சொல்ல, "இதைக் கீரை என்கிறேன், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்கிறேன்" என்கிறாள் குழந்தை. அன்றைய அமெரிக்கச் சமையலறைகளுக்கு ப்ரோக்கோலி புதிதாக வந்துகொண்டிருந்த நாகரிகக் காய்கறி. அதை அறிந்தவருக்குத் தாயின் மிருதுவான குரலில் ஒளிந்திருக்கும் பெருமையும் புரியும், குழந்தை அதை ஒரே வீச்சில் தூக்கியெறிவதும் புரியும். அறியாதவருக்கு, சாப்பிட மறுக்கும் குழந்தை மட்டுமே மிஞ்சும். ஒற்றைத் தென்னை நிற்கும் தீவு, மனநல மருத்துவரின் சாய்விருக்கை, சொர்க்க வாசலில் பேரேட்டோடு நிற்கும் புனித பேதுரு போன்ற காட்சிகளும் அப்படித்தான். தொடர்ந்து படிப்பவருக்கு அவை பழகிய மேடைகள். புதிதாக வருபவருக்கோ, 'ஏன் எப்போதும் ஒரு தீவு?' என்ற கேள்வியிலேயே பார்வை நின்றுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு: அவிழ்க்க முடிச்சே இல்லாத இடத்தில் முடிச்சைத் தேடுவது. இதற்குச் சிறந்த சான்று நியூயார்க்கர் இதழில் வந்ததன்று, நாளிதழ்களில் வந்தது. 1982இல் கேரி லார்சன், ஒரு மேசைக்குப் பின்னால் பசு ஒன்று நிற்பதாகவும், மேசைமேல் ஒழுங்கற்ற சில பொருள்கள் இருப்பதாகவும் வரைந்து, "பசுவின் கருவிகள்" என்று மட்டும் எழுதினார். பசு கருவி செய்தால் அது இவ்வளவு சொதப்பலாகத்தான் இருக்கும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் அவற்றுள் ஒன்று ரம்பத்தைப் போலத் தோன்றியதால், மற்றவையும் ஏதோ ஒன்றைக் குறிக்க வேண்டும் என்று வாசகர்கள் ஆராயத் தொடங்கினார்கள். விசாரிப்புகள் குவிந்து, லார்சன் எழுத்துமூலம் விளக்கமே வெளியிட வேண்டியதாயிற்று. அந்த வாசகர்கள் மேல் எனக்கு மதிப்புதான் வருகிறது. ஓவியர் ஒன்றைக் கோட்டில் காட்டினால் அதற்குக் காரணம் இருக்கும் என்று நம்பிப் படிப்பவர்கள் அவர்கள்.

ஆனால் நான் மிகவும் நேசிக்கும் படங்கள் இந்த இரண்டு வகையிலும் சேராதவை. பாதி புரிந்து, மீதி என்றைக்கும் புரியாமலே இருப்பவை. நியூயார்க்கரில் வரைந்த ஜேம்ஸ் தர்பர் இதில் மன்னர். விருந்தாளிக்குத் தன் மனைவியை அறிமுகப்படுத்தும் ஒருவர், கூடவே, "அதோ மேலே இருப்பது என் முதல் மனைவி" என்கிறார். புத்தக அலமாரியின் உச்சியில் ஒரு பெண் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இருக்கிறாள். அவள் உயிரோடு இருக்கிறாளா, இறந்துவிட்டாளா, அல்லது பாடம் செய்து வைக்கப்பட்டவளா என்று ராஸ் தொலைபேசியில் கேட்டாராம். பெண்ணைப் பாடம் செய்ய முடியாது என்று விலங்குகளைப் பாடம் செய்பவர் சொல்கிறார், இறந்தவளால் அப்படிக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நிற்க முடியாது என்று மருத்துவர் சொல்கிறார், ஆகவே அவள் உயிரோடுதான் இருக்க வேண்டும் என்று தர்பர் பதில் சொன்னார். கேள்வி தவறில்லை. ஆனால் அதற்கு விடை கிடைத்துவிட்டால் படம் செத்துவிடும். அறிமுகம் செய்பவரின் குரலில் உள்ள இயல்பும், எதிரே நிற்பவரின் சங்கடமும்தான் நமக்குத் தேவை. மேலே இருப்பவள் எப்படி அங்கே வந்தாள் என்பது விளங்காமல் இருப்பதால்தான் அவ்விரண்டும் அத்தனை கூர்மையாகத் தெரிகின்றன.

1932இல் வந்த அவருடைய கடல்நாய்ப் படம் பிறந்ததே ஒரு தற்செயலால். முதலில், பாறைமேல் கடல்நாய் ஒன்று உட்கார்ந்திருப்பதை வரைந்து அனுப்பியிருந்தார். அது திரும்பி வந்துவிட்டது. பின்னர் அதையே மீண்டும் வரைய முயன்றபோது, பாறை ஒரு கட்டிலின் தலைப்பலகையைப் போல வந்துவிடவே, அதன் கீழே ஒரு கட்டிலையும் கணவன் மனைவியையும் வரைந்து சேர்த்தார். "சரி, உங்கள் பேச்சுப்படியே இருக்கட்டும், கடல்நாய் குரைத்ததைக் கேட்டீர்கள்!" என்று மனைவி எரிந்து விழுகிறாள். படுக்கையறைக்குள் கடல்நாய் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். கணவன் சொல்வது உண்மை என்பதும், அதை அவன் ஒருநாளும் நிரூபிக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தால் எனக்குப் போதும்.