நேர்த்தியும் கீமோவும்

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றி 7 முதல் 14 நாள் வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அநேகமாக அடிமட்டத்தில் இருக்கும். கோணேசருக்கோ பத்திரகாளி அம்மனுக்கோ நேர்த்திக்கடன் என்றால் அந்நாட்களில் வீட்டில் இன்னொருவர் போய் அரிச்சனை செய்யட்டும். நோயாளிக்குச் சனநெரிசல் வேண்டாம். கொண்டுவரும் திருநீற்றைப் பூசிவிடலாம், கையைச் சோப்பால் கழுவிவிட்டு. தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் கொடுக்காதீர்கள்: பல கை பட்டவை, கொதிக்காதவை. வீட்டில் அவித்த மோதகம், சுடச்சுட என்றால் நல்லது.

கந்தசஷ்டி விரதத்தை நோயாளிக்காக மற்றவர்கள் பிடியுங்கள். பட்டினி கிடந்தால் உடம்பு வற்றிவிடும். இதை வீட்டுப் பெரியவர் வாயால் சொன்னால்தான் நோயாளியின் மனம் ஆறும்.

தெர்மோமீற்றரைச் சாமித்தட்டருகே வையுங்கள். விளக்கேற்றும்போது சூடு பார்க்க மறக்காது. 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினால் பூசை முடியும்வரை நிற்காமல், நடுச்சாமமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியரைக் கேட்காமல் பனடோல் கொடுக்காதீர்கள். அது காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது.