ஊட்டி உறைபனி: புல்மட்ட சென்சார் ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறது

ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கத்துப் பள்ளத்தில் நட்ட வெப்ப சென்சார், கண்ணுக்குத் தெரிகிற உறைபனி வெள்ளையோடு ஒத்துப்போகும் எண்ணை இந்தப் பனிக்காலத்தில்தான் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. ஸ்டீவன்சன் பெட்டிக்குள் (வெயில் படாமல் காற்று புகும் வானிலைப் பெட்டி) 3.5 டிகிரி, அதே நேரத்தில் புல்லில் மைனஸ் 1.8. செய்தியில் வரும் "குறைந்தபட்ச வெப்பநிலை"யை மட்டும் பார்த்துவிட்டு, "3 டிகிரிதானே, உறைபனி எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இந்த இடைவெளிதான் பதில். பெட்டி ஆள் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, உறைவது தரையில். காற்றில்லாத தெளிந்த இரவில் இரண்டுக்கும் 4, 5 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம்.

எண்களைப் பதிவு செய்ய இஎஸ்பி32 போர்டு, பெட்டிக்குள் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் எஸ்எச்டி31, காற்றுக்கு மூன்று கிண்ணச் சுழலி, மழைக்கு 0.2 மி.மீ.க்கு ஒருமுறை கவிழும் சாய்வாளி. இந்த அமைப்பு எல்லோரிடமும் இருப்பதுதான். மழைமானியில் ஒன்று மட்டும்: புனல் விட்டம் 200 மி.மீ. என்றால் ஒரு சாய்வுக்கு 6.28 மி.லி. தண்ணீர். ஊசியில்லா சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு இதைச் சரிபார்த்துவிட்டால் மழைக்கணக்கு முடிந்தது. மற்ற நேரமெல்லாம் புல்மட்டத்தில் வைத்த டிஎஸ்18பி20 வெப்ப சென்சார்தான் தின்றது.

கடையில் நீர்புகாதது என்று கொடுப்பது பளபளவென்ற எஃகு உறைக்குள் இருக்கும். அங்கேதான் சிக்கல். உறைபனி இரவில் இலை குளிர்வது காற்றால் அல்ல, வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிராக விட்டுக்கொண்டே இருப்பதால். இலையின் கதிர்வீசு திறன் (வெப்பத்தைக் கதிராக விடும் அளவு, உச்சம் 1) 0.95-க்கு மேல். பளபளப்பான எஃகுக்கு 0.2, 0.3 அளவில்தான். அதனால் பக்கத்துப் புல் மைனஸுக்குப் போன பிறகும் எஃகு உறை 1, 2 டிகிரியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், உறைமேல் பனித்துளி படிந்த உடனே அதுவும் இலைபோல நடக்க ஆரம்பிக்கும், ஏனென்றால் தண்ணீருக்கும் திறன் 0.96. வரைபடத்தில் நள்ளிரவுக்குப் பிறகு காரணமே இல்லாமல் ஒரு சரிவு தெரிந்தால் வானிலையைச் சந்தேகிக்க வேண்டாம், உறை நனைந்திருக்கிறது.

தீர்வு மலிவானது. 220 நம்பர் உப்புத்தாளால் உறையைச் சொரசொரப்பாக்கி, சாதாரண மேட் பெயின்ட் இரண்டு பூச்சு. கறுப்பா வெள்ளையா என்று சண்டை போடத் தேவையில்லை, இரவுக் கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பகலில் கறுப்பு கன்னாபின்னாவென்று சூடேறும், ஆகவே வெள்ளை. அலுமினியத் தூள் கலந்த வெள்ளிநிறப் பெயின்ட் மட்டும் கூடவே கூடாது, திரும்பவும் பழைய கதைக்கே போய்விடும்.

அடுத்தது ஒயர். சென்சார் முனை 5 செ.மீ. உயரத்தில் படுக்கையாக, வானம் பார்த்து இருக்க வேண்டும், மண்ணைத் தொடக்கூடாது. பலர் இதைச் சரியாகச் செய்துவிட்டு, ஒயரை அங்கிருந்தே நேராக மண்ணுக்குள் இறக்கிவிடுகிறார்கள். மண்ணுக்குள் 10 செ.மீ. ஆழத்தில் இரவிலும் நல்ல சூடு இருக்கும், செம்புக் கம்பி அதைச் சென்சாருக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். முனையிலிருந்து 40 செ.மீ. வரை ஒயரும் அதே புல்மட்டத்தில் படுத்துப் போய், அப்புறம்தான் இறங்க வேண்டும். தாங்குகோலுக்கு இரும்பு வேண்டாம், மூங்கில் குச்சி போதும். பக்கத்தில் மரமோ கூரையோ இருந்தால் அதன் உயரத்தில் இரண்டு மடங்காவது தள்ளி நடவும். தலைக்கு மேல் சில்வர் ஓக் கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் வானத்தைப் பார்க்காது, கிளையைப் பார்க்கும்.

இவ்வளவும் சரியானால் வரைபடத்தில் ஒரு அழகான விஷயம் தெரிகிறது. வெப்பநிலை 0-வைத் தாண்டி மைனஸ் 1, மைனஸ் 1.5 வரை வழுக்கிக்கொண்டு போகும். திடீரென்று ஒரே தாவலில் 0-க்குப் பக்கம் ஏறி, கொஞ்ச நேரம் சமமாக நின்று, பிறகுதான் மறுபடி இறங்கும். சென்சார் கோளாறு அல்ல இது. படிந்த துளிகள் உறையாமலே 0-க்குக் கீழே குளிர்ந்து, பிறகு மொத்தமாக உறையும்போது கிலோவுக்கு 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தைக் கக்குகின்றன. உறைந்த நிமிடத்தையே பிடித்துக் கொடுக்கும் அடையாளம் இது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தால்தான் சிக்கும், 15 நிமிட இடைவெளியில் காணாமல் போய்விடும்.

சென்சார் 0-வைச் சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்க்க வெந்நீரை நம்பாதீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், காற்றழுத்தத்தைப் பொறுத்து அதுவும் மாறும். பனிக்கட்டியின் உருகுநிலை உயரத்தால் அசையாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் உறையவைத்த கட்டியைப் பொடித்து, பிளாஸ்க்கில் போட்டு, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் அதே தண்ணீரை ஊற்றிக் கிளறுங்கள். கட்டி மிதக்கும் அளவுக்கு ஊற்றினால் அடியில் 4 டிகிரித் தண்ணீர் தங்கிவிடும். 20 நிமிடம் கழித்து வரும் எண்தான் திருத்தம். டிஎஸ்18பி20-க்கு அதன் தயாரிப்பாளர் உறுதி சொல்வதே 0.5 டிகிரி முன்பின் என்றுதான், உறைபனிக்கு அது பெரிய தொகை.

போலிச் சரக்கு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆன்லைனில் ஐந்து சேர்த்து மலிவாக வருவதில் பலவும் அசல் சிப் இல்லை. 64 பிட் முகவரியைப் படித்துப் பாருங்கள்: 28-இல் தொடங்கி, கடைசிச் சரிபார்ப்பு எண்ணுக்கு முன்னால் 00-00 இருந்தால் பெரும்பாலும் அசல். போலிகள் பல 25 டிகிரியில் யோக்கியமாக இருந்து 0-க்குப் பக்கத்தில் வழிதவறும், அதனால் வீட்டுக்குள் வைத்துச் சோதித்தால் தெரியாது. பதிவில் 85 என்று வந்தால் சென்சார் மின்சாரம் விட்டு வந்திருக்கிறது, மைனஸ் 127 என்றால் ஒயர் தொடர்பே இல்லை. ஈரம் புகுந்த இணைப்பில் இரண்டும் மாறி மாறி வரும். வெறும் இன்சுலேஷன் டேப் ஊட்டி ஈரத்துக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. உள்ளே பசை தடவிய சுருங்குகுழாய் வாங்குங்கள்.

இனி முன்கணிப்பு. மாலை 7 மணிக்கு மூன்றைப் பார்த்தால் போதும்: பனிநிலை (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), காற்று, வானம். 10 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 2.6. இரவில் அந்த அளவுக்கு இறங்கியதும் துளி படியத் தொடங்கும், படியும்போது வெப்பம் வெளிவந்து சரிவை மந்தமாக்கும். நீர்ப்பனியோடு பிழைக்க வாய்ப்புண்டு. அதே 10 டிகிரியில் ஈரப்பதம் 40 என்றால் பனிநிலை மைனஸ் 3. அங்கே தடுக்க ஆளில்லை. வெள்ளை எதுவும் தெரியாமலே கவாத்து செய்த தேயிலையின் புதுத்துளிர் கருகும் இரவுகள் இவைதான். ஈரப்பதத்தில் 3 சதவீதம் பிழை வந்தாலே இந்த வறண்ட பக்கத்தில் பனிநிலை 1 டிகிரி நகர்ந்துவிடும். ஆகவே அயோடின் சேர்க்காத உப்பைக் கூழாகக் குழைத்து, மூடிய டப்பாவில் ஈரப்பத சென்சாரோடு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும்.

காற்றுக்குச் சுழலியை முழுக்க நம்ப முடியாது. சந்தையில் அதிகம் கிடைப்பது நொடிக்கு ஒரு தட்டு (சுழலும்போது உள்ளே இருக்கும் சுவிட்ச் தட்டுவது) என்றால் மணிக்கு 2.4 கி.மீ. காற்று என்ற கணக்கு. அதற்குக் கீழான அசைவில் கிண்ணம் நின்றே போகும், உறைபனியைத் தீர்மானிப்பதோ அந்த அசைவுதான். கிண்ணத்தில் பனி உறைந்து பிடித்துக்கொண்டாலும் 0 காட்டும். மணிக்கு 7, 8 கி.மீ. காற்று தொடர்ந்து அடித்தால் மேலே இருக்கும் சூடான காற்று கலந்து தரை தப்பித்துவிடும்.

பருவ அளவிலான முன்னறிவிப்பை உறைபனிக்குப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்துக்குச் சராசரி சுமார் 44 செ.மீ. மழை, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் அது கூடும் வாய்ப்பு, குளிரும் லா நினாவில் குறையும் வாய்ப்பு. இது மொத்த மழையைப் பற்றிய பேச்சு. உறைபனி வருவது மழைச் சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளியில். வங்கக்கடலில் தாழ்வுப்பகுதி இருக்கும்வரை மேகம் போர்வையாக நிற்கும், இரவு 9, 10 டிகிரிக்குக் கீழே போகாது. அது கடந்தோ கலைந்தோ போய், வறண்ட வடக்குக் காற்று உள்ளே வந்த பிறகு எண்ணத் தொடங்க வேண்டும். முதல் இரவில் காற்று மிச்சம் இருக்கும், மண்ணும் ஈரமாக இருக்கும். ஈரமண் பகல் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் மேலே அனுப்பும். இரண்டாவது, மூன்றாவது இரவுகளில்தான் காந்தள், தலைகுந்தா, அவலாஞ்சி மாதிரிப் பள்ளங்களில் வெளுக்கும். குளிர்ந்த காற்று எடை கூடி சரிவில் வழிந்து இறங்குவதால் 30 மீட்டர் மேலே இருக்கும் தோட்டம் தப்பிக்க, அடிவயல் கேரட் மாட்டிக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகள் கிழக்கே பார்த்தவை. அங்கே தூறிக்கொண்டிருக்கும் அன்றே தலைகுந்தாவில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும், ஆக மாவட்டத்துக்கே ஒரு முன்னறிவிப்பு என்பது அர்த்தமில்லாதது.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ஒரு கிலோ தண்ணீர் உறைந்தால் 334 கிலோஜூல் வரவு, ஒரு கிலோ ஆவியானால் 2,500 செலவு. வறண்ட இரவில் கொஞ்ச நேரம் தெளித்துவிட்டு மோட்டாரை நிறுத்தினால் இலை முன்பைவிட மோசமாகக் குளிரும். தொடங்கினால் வெயில் வந்து கட்டி உருகும்வரை நிறுத்தக்கூடாது, அல்லது தொடங்கவே கூடாது.

மூன்றாவதான வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்க்க இப்போது கண்தான். எம்எல்எக்ஸ்90614 அகச்சிவப்பு சென்சாரை மேலே பார்க்க வைத்தால் தெளிந்த வானம் காற்றைவிட 20 டிகிரிக்கு மேல் கீழே காட்டும், மேகம் வந்தால் இடைவெளி சுருங்கிவிடும். ஆனால் அதன் கண்ணாடிமேலும் பனி படிந்துவிடுகிறது. மெல்லிய பாலித்தீன் தாள் மூடிப் பார்க்க வேண்டும், அகச்சிவப்பு அதில் ஓரளவு புகும். பள்ளத்திலிருந்து வீட்டுக்கு எண்ணை அனுப்ப லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ) வாங்கப் போகிறவர்கள் 433, 915 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். 868 என்று விற்கும் மாட்யூலை 866-இல் அமைத்தால் இந்தியாவின் உரிமம் வேண்டாத 865–868 மெகாஹெர்ட்ஸுக்குள் வந்துவிடும்.

மிச்சம் இருப்பது பேட்டரி. 18650 லித்தியம் செல்லை 0-க்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் வீணாகும். சூரியன் ஏறியதும் பேனல் உடனே மின்சாரம் தரும், நிழலில் இருக்கும் செல்லோ இன்னும் உறைநிலையில் கிடக்கும். டிபி4056 சார்ஜர் போர்டு இதையெல்லாம் பார்க்காது, அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். செல்மேல் இன்னொரு டிஎஸ்18பி20 ஒட்டி, 5 டிகிரி தாண்டும்வரை பேனலைத் துண்டிக்கும் மாஸ்பெட் (மின்னணு சுவிட்ச்) சர்க்யூட் பாதி சால்டரிங்கில் மேசைமேல் இருக்கிறது. அது முடியும்வரை காலையில் பேனல்மேல் ஒரு சாக்கு.